மூன்று சமன்பாடு, நாலு வழி: எதை எடுப்பது?

பிளஸ் டூ கணக்கின் முதல் பாடமே அணிகள்தான், அதாவது எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய கட்டங்கள். சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்ப்பது என்ற ஒரே வேலைக்கு அதில் மூன்று கருவிகள் அடுத்தடுத்து வருகின்றன: நேர்மாறு அணி முறை, கிராமரின் விதி, காஸ்ஸியன் நீக்கல் முறை. நேர்மாறு காண்பதற்கென்று காஸ்–ஜோர்டன் முறையும் அதே பாடத்தில் இருக்கிறது. அதை வைத்து நேராகவே தீர்வு காணலாம் என்பதால் நாலு வழி என்றே வைத்துக்கொள்வோம். பாளையங்கோட்டைப் பக்கம் டியூஷன் எடுக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி "சார், இதுல எது வெரசா முடியும்?" என்பதுதான். அதற்கு அடுத்த கேள்வி "எதுல தப்பு வராது?" இரண்டாவதுதான் நல்ல கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால் நிரைச் செயல்களை எடுங்கள், அதாவது அணியின் கிடை வரிசைகளை (நிரைகளை) வைத்துச் செய்யும் காஸ் வழிகளை. மற்றவற்றுக்கும் ஆளுக்கொரு இடம் உண்டு, ஆனால் அந்த இடங்கள் நாம் நினைப்பதைவிடச் சின்னவை. "கிராமரின் விதியைப் பயன்படுத்தித் தீர்க்க" என்று வினாத்தாளே சொல்லிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. ஐந்து மார்க் வேண்டுமென்றால் அதைத்தான் போட வேண்டும். நான் பேசுவது மற்ற நேரங்களைப் பற்றி: வெறுமனே "தீர்க்க" என்று கேட்கும்போது, சமன்பாட்டில் லாம்டா, மியூ என்று தெரியாத எண்களை வைத்து அவற்றின் மதிப்பு கேட்கும்போது, ஜே.இ.இ. என்ற பொறியியல் நுழைவுத் தேர்வுத் தாளில், அப்புறம் கல்லூரியில்.

ஒப்பிடுவதற்கு ஒரு பழைய கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். சீனர்களின் ‘கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்’ நூலில் எட்டாவது அத்தியாயத்தின் முதல் கணக்கு இது. கி.பி. 263இல் லியூ ஹுய் இந்த நூலுக்கு உரை எழுதினார் என்றால் மூலம் அதற்கும் முந்தையது. தானியக் கதிர்க்கட்டுகளைப் பற்றிய கணக்கு என்பதால் பிசான அறுவடை நடக்கிற தாமிரபரணிக் கரைக்கு அப்படியே பொருந்தும். (இப்போது களத்தில் கட்டை யார் பார்க்கிறார்கள், அறுவடை இயந்திரம் நேரே மூட்டையாகவே தந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.) முதல் ரகக் கட்டு 3, நடு ரகம் 2, கடை ரகம் 1 அடித்தால் 39 மரக்கால் நெல். முதல் ரகம் 2, நடு 3, கடை 1 என்றால் 34. முதல் ரகம் 1, நடு 2, கடை 3 என்றால் 26. ஒவ்வொரு ரகத்திலும் ஒரு கட்டுக்கு எவ்வளவு நெல்? மரக்கால் நான் போட்டுக்கொண்டது, எண்கள் அவர்களுடையவை.

3மு + 2ந + க = 39
2மு + 3ந + க = 34
மு + 2ந + 3க = 26

நிரைச் செயல் என்றால் மூன்றே மூன்று அனுமதி: இரண்டு நிரைகளை இடம் மாற்றலாம், ஒரு நிரையைப் பூச்சியமல்லாத எண்ணால் பெருக்கலாம், ஒரு நிரையின் மடங்கை இன்னொன்றோடு கூட்டலாம். அணியை எழுதியதும் நான் முதலில் தேடுவது 1 எந்த நிரையில் இருக்கிறது என்பதை. இங்கே மூன்றாவதில் தொடக்கத்திலேயே இருக்கிறது. அதை மேலே கொண்டுபோனால் விரிவுபடுத்தப்பட்ட அணி (வலப்பக்க எண்களையும் சேர்த்து எழுதியது) இப்படி வரும்:

1  2  3 | 26
2  3  1 | 34
3  2  1 | 39

இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் இரு மடங்கைக் கழிக்க வேண்டும், மூன்றாம் நிரையிலிருந்து மும்மடங்கை.

1  2  3 | 26
0  −1  −5 | −18
0  −4  −8 | −39

இப்போது மூன்றாம் நிரையிலிருந்து இரண்டாம் நிரையின் நான்கு மடங்கு.

1  2  3 | 26
0  −1  −5 | −18
0  0  12 | 33

ஏறுபடி வடிவம் வந்தாச்சு, கீழே போகப் போக முன்னால் பூச்சியம் கூடிக்கொண்டே போகிறது. கடைசி நிரை 12க = 33 என்கிறது, ஆக கடை ரகம் 2¾ மரக்கால். ஒரு படி மேலே ஏறினால் நடு ரகம் 4¼, இன்னொரு படி ஏறினால் முதல் ரகம் 9¼. அந்தச் சீன நூலின் விடையும் இதுவேதான். அவர்கள் எண்குச்சிகளைப் பலகையில் பரப்பிவைத்து, பெருக்கிப் பெருக்கிக் கழித்தே செய்தார்கள். ஜெர்மன் கணிதவியலாளர் காஸின் பெயர் இந்த முறைக்கு வந்தது மிகவும் பிந்தி. பல்லாஸ் என்ற சிறுகோளின் பாதையைக் கணக்கிட 1810 வாக்கில் அவர் இதை ஒழுங்கான குறியீட்டோடு எழுதிக் காட்டினார்.

பின்னம் எங்கே வந்தது என்று கவனித்தீர்களா? கடைசியில் மட்டும். 3இல் தொடங்கும் நிரையை மேலேயே விட்டுவைத்து அதை 3ஆல் வகுத்திருந்தால் இரண்டாவது வரியிலேயே 2/3, 1/3 என்று ஆரம்பித்துவிடும். அதைப் பார்த்துத்தான் நிறைய பேர் "காஸ் முறை எனக்கு ஒத்துவராது" என்று கிராமருக்கு ஓடுகிறார்கள். மேலே வைக்க 1 எங்குமே இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது: இரண்டாம் நிரையை 3ஆல் பெருக்கி, முதல் நிரையின் இரு மடங்கைக் கழித்தால் முழு எண்ணாகவே போகும்.

அதே கணக்கைக் கிராமரிடம் கொடுப்போம். முதன்மை அணிக்கோவை, அதாவது இடப்பக்க எண்களின் அணியிலிருந்து கணக்கிடும் ஒற்றை எண், 12. வலப்பக்க எண்களை ஒவ்வொரு நிரலிலும் (செங்குத்து வரிசையிலும்) மாற்றி வைத்தால் 111, 51, 33. வகுத்தால் அதே விடை. பார்க்க அழகாக இருக்கிறது. மார்க் வாங்கவும் தோதானது, ஏனென்றால் ஒவ்வொரு அணிக்கோவையும் தனித்தனி வேலை, ஒன்றில் சறுக்கினால் மற்றது கெடாது. நீக்கல் முறையில் ஒரு குறி மாறினால் அதற்குக் கீழே எல்லாமே போச்சு. பயந்த பிள்ளைகள் கிராமரை விரும்புவதற்கு இது ஒரு நியாயமான காரணம்தான்.

ஆனால் வேலையை எண்ணிப் பாருங்கள். ஒரு மூன்று வரிசை அணிக்கோவையைச் சிற்றணிக்கோவைகளாக விரித்தால் 9 பெருக்கல். அது நான்கு தடவை, 36. வகுத்தல் 3 சேர்த்தால் 39. நேர்மாறு முறைக்கு ஒன்பது இணைக்காரணிகள் (குறி சேர்த்த சிற்றணிக்கோவைகள்), அணிக்கோவை, கடைசிப் பெருக்கல், வகுத்தல் எல்லாம் சேர்த்து 33. காஸ் நீக்கலும் பின்னோக்கிப் பிரதியிடலும் சேர்ந்து 17தான். நான் மேலே போட்டதில் 1 உதவி செய்ததால் அதைவிடக் குறைவு. மூன்று சமன்பாட்டுக்கே கிராமரில் பாதிக்கும் கீழே. பத்துச் சமன்பாடு என்றால் காஸுக்கு 430 பெருக்கல், வகுத்தல். கிராமருக்கு 11 அணிக்கோவை. ஒவ்வொன்றையும் முழுக்க விரித்தால் 36,28,800 உறுப்புகள். அதை எந்தப் பிள்ளையிடமும் கொடுக்க முடியாது.

இன்னொரு விஷயம். நீக்கல் முறையில் மூலைவிட்டத்தில் நின்றவை 1, −1, 12. மூன்றையும் பெருக்கினால் −12; தொடக்கத்தில் ஒரு தடவை நிரைகளை இடம் மாற்றியதால் குறி திரும்பி 12. கிராமர் முதலில் உட்கார்ந்து கண்டுபிடித்த அதே அணிக்கோவை, இங்கே செலவில்லாமல் கூடவே வந்துவிட்டது.

கிராமருக்கு நியாயம் செய்ய வேண்டும் என்றால் அவர் எதற்காக இதை எழுதினார் என்று பார்க்க வேண்டும். ஜெனீவாக்காரரான கேப்ரியல் கிராமர் 1750இல் வளைவரைகளைப் பற்றிய தம் நூலில் இதைச் சொன்னார். கொடுத்த ஐந்து புள்ளிகள் வழியாகப் போகும் கூம்பு வெட்டியைக் காண்பது போன்ற கணக்குகள் அவை. அங்கே கெழுக்கள் (மாறிகளுக்கு முன்னால் நிற்பவை) எண்கள் இல்லை, எழுத்துகள். எழுத்துகளை வைத்து நீக்கல் போட்டால் ஒவ்வொரு படியிலும் "இது பூச்சியமாக இருந்தால்?" என்று நின்று கேட்க வேண்டும், கிராமரோ விடையை ஒரே சூத்திரமாகக் கையில் தந்துவிடுகிறார். இரண்டே இரண்டு மாறி என்றாலும் கிராமர்தான் வசதி, மனக்கணக்கிலேயே முடியும். மூன்று மாறியில் ஒன்றின் மதிப்பு மட்டும் கேட்டால் இரண்டு அணிக்கோவையோடு வேலை தீர்ந்தது.

நேர்மாறு அணிக்கு உள்ள இடம் வேறு. நெல் கணக்கிலேயே சொல்கிறேன். நம் அணியின் சேர்ப்பு அணி (இணைக்காரணிகளை நிரை நிரலாக மாற்றி அடுக்கியது) இது:

7  −4  −1
−5  8  −1
1  −4  5

இதை 12ஆல் வகுத்தால் நேர்மாறு; அதை வலப்பக்க எண்களோடு பெருக்கினால் விடை. இதைக் கண்டுபிடிக்கத்தான் பாடு. கையில் வந்துவிட்டால், அடுத்த கார் பருவத்தில் அதே எண்ணிக்கைக் கட்டுகளுக்கு 43, 38, 29 மரக்கால் கிடைத்தது என்று வந்து நின்றாலும் ஒரே பெருக்கல்தான்: 10, 5, 3. இடப்பக்கம் மாறாமல் வலப்பக்கம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால் நேர்மாறு கட்டுப்படியாகும். ஒரே ஒரு தடவைக்கு என்றால் ஆகாது. அதிலும் சேர்ப்பு அணி வழியாகப் போனால் ஒன்பது இணைக்காரணிக்கும் குறி பார்த்து, கடைசியில் நிரையை நிரலாக மாற்ற மறக்காமல் இருக்க வேண்டும். நேர்மாறு வேண்டியே தீரும் என்றால், பக்கத்தில் அலகு அணியை (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடமெல்லாம் 0) எழுதிக்கொண்டு காஸ்–ஜோர்டன் போடுவதையே நான் சொல்வேன்.

அணிக்கோவை 12 என்று வந்ததால் இதுவரை நாலு முறையும் விடை சொல்லின. அது பூச்சியமாக இருந்தால் கதை மாறுகிறது. நான் நிரைச் செயல்களின் பக்கம் நிற்பதற்கு உண்மையான காரணம் இதுதான். பெருக்கல் எண்ணிக்கை இரண்டாம் பட்சம்.

தாமிரபரணியில் கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அரியநாயகிபுரத்தில் கோடகன் கால் (கால்வாய்) பிரிகிறது, பழவூரில் பாளையங்கால், சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய். கால்களில் வரும் தண்ணீர் குளங்களுக்குப் போகும். குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழே உள்ள குளத்துக்கு. இப்படி ஒரு காலை மனதில் வைத்து, எண்களை மட்டும் நாமே போட்டுக்கொள்வோம். ஒரு மடையில் விநாடிக்கு 60 கன அடி வந்து வடக்கே ஒரு குளத்துக்கும் தெற்கே ஒரு குளத்துக்கும் பிரிகிறது: வடக்குக் கிளை வ, தெற்குக் கிளை தெ. வடக்குக் குளத்திலிருந்து வயலுக்கு 25 போகிறது, மிச்சம் மறுகால் வழியே தெற்குக் குளத்துக்கு, அது ம. தெற்குக் குளத்திலிருந்து வயலுக்கு 35. குளத்து நீர்மட்டம் இரண்டிலும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

வ + தெ = 60
வ − ம = 25
தெ + ம = 35

மூன்று மாறி, மூன்று சமன்பாடு. கிராமரைக் கூப்பிட்டால் முதன்மை அணிக்கோவை 0. மற்ற மூன்றும் 0. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று அவர் ஒதுங்கிக்கொள்கிறார். நேர்மாறு அணியோ இல்லவே இல்லை. நிரைச் செயல் என்ன சொல்கிறது?

1  1  0 | 60
0  −1  −1 | −35
0  0  0 | 0

மூன்றாம் நிரை முழுக்கப் பூச்சியம். தரம் (பூச்சியமாகாமல் மிஞ்சிய நிரைகளின் எண்ணிக்கை) 2, மாறிகள் 3. அதாவது மூன்றாவது சமன்பாடு புதிதாக எதையும் சொல்லவில்லை. 60 வந்து 25 ஒரு பக்கம் போனால் மிச்சம் 35 என்பது முன்பே தெரிந்ததுதான். விடை: வ = 25 + ம, தெ = 35 − ம. தண்ணீர் பின்னோக்கி ஓடாது என்பதால் ம 0க்கும் 35க்கும் நடுவில் எதுவாகவும் இருக்கலாம். இன்னும் ஓர் இடத்தில் அளந்தால் போதும், வடக்குக் கிளையோ தெற்குக் கிளையோ மறுகாலோ, மற்ற இரண்டும் தானே வந்துவிடும். எத்தனை இடத்தில் அளவுகோல் நட வேண்டும் என்ற கேள்விக்கு நிரைச் செயல் பதில் சொல்லிவிட்டது. கிராமரிடம் இருந்து இந்தப் பதில் வரவே வராது.

இப்போது தெற்கு வயலுக்கு 35க்குப் பதில் 40 போகிறது என்று யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். அதே செயல்களைச் செய்தால் கடைசி நிரை

0  0  0 | 5

என்று வந்து நிற்கும். பூச்சியம் எப்படி 5 ஆகும்? ஆகாது. தொகுப்பு ஒருங்கமைவு அற்றது, தீர்வு இல்லை. அதோடு நிற்காமல் கணக்கு எவ்வளவு உதைக்கிறது என்பதையும் அந்த 5 சொல்கிறது. வந்ததைவிட 5 கன அடி கூடுதலாகப் போனதாக எழுதியிருக்கிறார்கள். அளந்தவரைத் திரும்ப அனுப்ப வேண்டியதுதான், அல்லது நடுவில் எங்கோ காட்டாற்றுத் தண்ணீர் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். லாம்டா, மியூ போட்டு "தீர்வு இல்லாமல், ஒரே தீர்வு, எண்ணற்ற தீர்வுகள் இருக்க நிபந்தனை காண்க" என்று கேட்கும் கணக்குகள் எல்லாம் இந்தக் கடைசி நிரையைப் பற்றியவைதான். அவற்றை அணிக்கோவையால் தொடங்கினால் பாதி வழியில் திரும்பி நிரைச் செயலுக்கே வர வேண்டியிருக்கும்.

இங்கே ஜே.இ.இ. எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "நாலு அணிக்கோவையும் பூச்சியம் என்றால் எண்ணற்ற தீர்வுகள்" என்று ஒரு குறுக்கு விதி சுற்றுகிறது. மூன்று மாறிக்கு அது தப்பு. மு + ந + க என்பது 1, அதுவே 2, அதுவே 3 என்று மூன்று சமன்பாடு எழுதிப் பாருங்கள். நாலு அணிக்கோவையும் பூச்சியம், ஆனால் தீர்வு ஒன்றுகூடக் கிடையாது. ஒரு தடவை நிரையைக் கழித்தால் 0 = 1 என்று கண்ணில் அடிக்கும். முதன்மை அணிக்கோவை பூச்சியமில்லை என்று உறுதி செய்வதோடு அணிக்கோவையை நிறுத்திக்கொள்வது நல்லது. விடைகள் நாலும் எண்களாகக் கொடுத்திருந்தால் எந்த முறையும் வேண்டாம், வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

காஸா, காஸ்–ஜோர்டனா என்பதில் நான் அதிகம் சண்டை போட மாட்டேன். ஜோர்டன் வழி கீழே மட்டுமல்லாமல் மேலேயும் பூச்சியமாக்கி அலகு அணி வரை போகிறது. மூன்று சமன்பாட்டுக்கு 18, காஸுக்கு 17, வித்தியாசமே இல்லை. பெரிய தொகுப்புகளில் ஜோர்டன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேலை வாங்கும். கையால் போடும்போது பின்னங்கள் அதில் சீக்கிரம் வரும் என்பது மட்டும் எனக்குப் பிடிக்காது.

கல்லூரிக்குப் போனதும் கணினி வந்துவிடும். அங்கே எல்.யூ. பிரிப்பு என்ற பெயரில் இருப்பது நம் காஸ் நீக்கலேதான். எந்த நிரையை எத்தனை மடங்கு கழித்தோம் என்பதைத் தூக்கிப்போடாமல் ஒரு முக்கோண அணியில் சேமித்துவைப்பார்கள். 1948இல் ஆங்கிலக் கணிதவியலாளர் ஆலன் டூரிங் இதன் முழுமையாக்கல் பிழைகளை (இலக்கங்களைச் சுருக்குவதால் வருபவை) ஆராய்ந்து எழுதினார். பைத்தான் என்ற கணினி மொழியில் நம்பை நூலகத்தின் சால்வ் கட்டளை உள்ளே செய்வதும் இதைத்தான். வலப்பக்கம் நூறு தடவை மாறினாலும் சேமித்ததை வைத்தே முடித்துவிடலாம் என்பதால், நேர்மாறு அணிக்கு நான் மேலே விட்டுக்கொடுத்த இடமும் அங்கே பெரும்பாலும் போய்விடுகிறது.

கணினியில் ஒரு சங்கதி மட்டும் புதிது. கையால் போடும்போது 1 இருக்கும் நிரையை மேலே வைக்கிறோம். கணினி அந்த நிரலில் இருப்பதிலேயே, குறி பார்க்காமல், பெரிய எண்ணை மேலே வைக்கும். ஏன் என்று பார்க்க, முதல் சமன்பாடு 0.0001மு + ந = 1, இரண்டாவது மு + ந = 2 என்று எடுத்து, எல்லாவற்றையும் மூன்று இலக்கத்துக்கு முழுமையாக்கிக்கொண்டே போடுங்கள். சின்ன எண்ணை மேலே விட்டால் ந = 1, மு = 0 என்று வரும். மு உண்மையில் 1க்குப் பக்கம். நிரைகளை இடம் மாற்றிவிட்டுப் போட்டால் 1, 1 என்று சரியாக வரும்.

சரி, "எதுல தப்பு வராது?" என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. நீக்கல் முறையில் பிள்ளைகள் விழும் குழிகள் இரண்டு. அணிக்கோவையில் நிரை, நிரல் இரண்டிலும் கைவைத்துப் பழகிவிட்டு, இங்கேயும் நிரலைக் கழித்துவிடுவார்கள். நிரலைத் தொட்டால் மாறியே மாறிவிடும், கூடாது. இன்னொன்று, நேரம் மிச்சம் பிடிக்க ஒரே படியில் முதல் நிரையிலிருந்து இரண்டாவதையும், இரண்டாவதிலிருந்து பழைய முதலையும் கழிப்பது. அப்படிச் செய்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்க்குறியாகி, ஒரு சமன்பாடு காணாமல் போய்விடும். ஒரு படியில் எந்த நிரையை வைத்துக் கழிக்கிறீர்களோ அது மாறாமல் இருக்க வேண்டும்.

குறி மாறுவதைப் பிடிக்க ஒரு பழைய வழி உண்டு. விரிவுபடுத்தப்பட்ட அணிக்கு வலப்பக்கம் பென்சிலால் இன்னொரு நிரல் எழுதுங்கள்: அந்தந்த நிரையின் கூட்டுத்தொகை. நெல் கணக்கில் 32, 40, 45. நிரைக்கு என்ன செய்கிறீர்களோ அதையே இதற்கும் செய்யுங்கள். இரண்டாவது 40 − 64 = −24 ஆகும்; புதிய நிரையைக் கூட்டினால் 0 − 1 − 5 − 18, அதுவும் −24. மூன்றாவது 45 − 96 = −51; நிரையைக் கூட்டினாலும் −51. கடைசிப் படியில் −51 + 96 = 45; 12ஐயும் 33ஐயும் கூட்டினால் 45. எந்தப் படியில் இரண்டும் ஒத்துப்போகவில்லையோ அந்தப் படியில்தான் தப்பு. அதற்கு மேலே உள்ளதை அடிக்க வேண்டியதில்லை.